பழைய சொகுசுக் காரும் போடிமெட்டு மலையும்: ஒரு சின்ன சரித்திரம்

பொட்டிபுரம் என்றால் வெளியூர் நண்பர்களுக்கு நியூட்ரினோ ஆய்வுக்கூடம்தான் ஞாபகத்துக்கு வரும். அம்பரப்பர் மலையைக் குடைந்து அமைப்பதாக இருந்த திட்டம், அதற்கு எழுந்த எதிர்ப்பு, வழக்கு என்று அது ஒரு பெரிய கதை. அதை இன்னொரு நாள் பார்ப்போம். இன்றைக்கு எழுதப் போவது கார்களைப் பற்றி. அதுவும் புதுக் கார் இல்லை, செகண்ட்ஹேண்ட் சொகுசுக் கார்.

எதற்கு இந்தத் தலைப்பு என்று கேட்கலாம். நாலு பேர் கூடினால் எப்படியும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "ஒரு புது சின்னக் கார் வாங்குற காசுக்கு பத்து வருஷப் பழைய பிஎம்டபிள்யூ கிடைக்குதுடா, அப்புறம் எதுக்கு சின்னக் கார்?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வி புதுசு இல்லை. நாற்பது வருஷமாக நம் நாட்டில் காரின் பெயரை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. காண்டசா, ஸ்டாண்டர்ட் 2000, சீலோ, ஆஸ்ட்ரா என்று ஒவ்வொன்றும் புதிதாக வந்தபோது சொகுசு. பழசானபோது என்ன ஆயிற்று என்று பார்த்தால் இன்றைய கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

பரீட்சை வைக்க நம்மிடம் நல்ல இடமும் இருக்கிறது. போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டு வரை சாலை ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் ஏறுகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் ஏலக்காய்த் தோட்டங்கள், பூப்பாறை, மூணாறு. மூணாறில் இருந்து போடிமெட்டு வரையிலான கேரளப் பகுதி அகலப்படுத்தப்பட்டு 2024 தொடக்கத்தில் திறக்கப்பட்டது. நம் பக்கத்து மலைப்பாதையோ இன்னும் ஏறுகிற வண்டியின் என்ஜினையும் இறங்குகிற வண்டியின் பிரேக்கையும் நன்றாகவே சோதிக்கிறது. ஊருக்குள் ஜம்மென்று ஓடுகிற கார் இங்கே வந்தால் தன் குறையைச் சொல்லிவிடும்.

லைசென்ஸ் காலத்து சொகுசு

1980க்கு முன்னால் இந்தியாவில் கார் என்றால் மூன்றே மூன்று கம்பெனிகள். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர், பம்பாயில் பிரீமியரின் பத்மினி, சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் ஹெரால்டு, அதன் பிறகு கெஸல். எத்தனை கார் செய்யலாம், எந்தக் கார் செய்யலாம் என்பதெல்லாம் அரசாங்க லைசென்ஸ் சொல்லும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் சின்னக் கார் சந்தையில் பழைய கம்பெனிகளால் நிற்க முடியவில்லை. அதனால் மூன்றுமே ஒரே முடிவுக்கு வந்தன: பெரிய கார் செய்வோம், வசதியானவர்களுக்கு விற்போம்.

புதிதாக ஒரு காரை வடிவமைக்க அவர்களிடம் பணமும் இல்லை, அனுபவமும் இல்லை. ஆகவே வெளிநாட்டில் வழக்கொழிந்துபோன கார்களின் அச்சுகளையும் கருவிகளையும் வாங்கி வந்தார்கள். இப்படித்தான் நம் நாட்டின் முதல் தலைமுறை "தொடக்கநிலை சொகுசுக் கார்" பிறந்தது. புதுசாக ஷோரூமில் நின்றபோதே அது பாதி செகண்ட்ஹேண்ட்!

காண்டசா: உடம்பு பெரிசு, மூச்சு சின்னது

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984ல் கொண்டுவந்த காண்டசா, இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் கம்பெனி 1970களில் விற்ற விக்டர் காரின் உடம்பு. நீளமான பானெட், அகலமான பின்சீட், நாலு முகவிளக்கு. மந்திரிகளும் மில் முதலாளிகளும் சினிமாக்காரர்களும் விரும்பி வாங்கியதில் ஆச்சரியமில்லை.

பிரச்சினை பானெட்டுக்கு அடியில் இருந்தது. அந்தப் பெரிய உடம்புக்குள் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினையே வைத்தார்கள். சுமார் 50 குதிரைத்திறன், நாலு கியர். சமவெளியில் எப்படியோ ஓடிவிடும். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏற்றிக்கொண்டு மலையேறினால்? வளைவில் வேகம் குறைந்ததும் இரண்டாவது கியரில் இழுவை இருக்காது, முதல் கியருக்கு மாற்றினால் என்ஜின் கத்தும், ரேடியேட்டர் கொதிக்கும். ஏசி போட்டால் இன்னும் மோசம். மலைப்பாதை ஓரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவது அந்தக் காலத்து கார்ப் பயணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

பிறகு ஜப்பானின் இசுசூ கம்பெனியோடு கைகோத்து 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் ஐந்து கியரும் வந்தன. இது சுமார் 88 குதிரைத்திறன் தந்தது. "காண்டசா கிளாசிக்" என்ற பெயரில் வந்த இந்த வண்டிதான் உண்மையில் அந்த உடம்புக்கு ஏற்ற கார். டீசல் என்ஜினும் பின்னால் சேர்ந்தது. 2002ல் உற்பத்தி நின்றது.

இனிமேல்தான் நமக்கு வேண்டிய விஷயம். காண்டசா பழசானபோது என்ன ஆயிற்று? துரு பிடித்தது, கதவு ரப்பர் போயிற்று, பெட்ரோலைக் குடித்தது. ஆனாலும் ஓடியது. காரணம், முதல் காண்டசாவின் என்ஜின் அம்பாசடர் என்ஜின். அதைப் பிரித்துப் போடத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் இல்லை. 1990களில் இசுசூ 1.8 என்ஜினை அம்பாசடருக்கும் கொடுத்தார்கள். ஆகவே அந்த என்ஜினுக்கும் ஊர் ஊராக ஸ்பேர் பார்ட்ஸ் கிடைத்தது. கார் நின்றுபோன பிறகும் அதன் சொந்தக்காரர் பரிதவிக்காமல் இருந்ததற்கு அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கஷ்டமெல்லாம் அந்த வண்டிக்கு மட்டுமே உரிய பாகங்களில்தான்: முன் கண்ணாடி, விளக்கு, கதவுப் பிடி.

ஸ்டாண்டர்ட் 2000: சென்னையின் சோகக் கதை

இந்தச் சரித்திரத்தில் நமக்கு மிக நெருக்கமானது இதுதான், நம் மாநிலத்துக் கார் என்பதால். ரோவர் எஸ்டி1 என்ற பிரிட்டிஷ் கார் 1976ல் வந்தது. 1977ன் ஐரோப்பிய சிறந்த கார் விருதை வாங்கியது. அதில் முதலில் இருந்தது 3.5 லிட்டர் வி8 என்ஜின், 155 குதிரைத்திறன். இங்கிலாந்தில் அதன் காலம் முடிந்துகொண்டிருந்தபோது சென்னை ஸ்டாண்டர்ட் கம்பெனி அதை "ஸ்டாண்டர்ட் 2000" என்ற பெயரில் 1985ல் இங்கே கொண்டுவந்தது.

உடம்பு ரோவர். என்ஜின்? ஸ்டாண்டர்ட் வான்கார்டு என்ற இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காரின் வம்சத்தில் வந்த 1991 சிசி நாலு சிலிண்டர் என்ஜின். அதே வம்சத்து என்ஜின்தான் பெர்குசன் டிராக்டரிலும் இருந்தது. டிராக்டரில் அது கெட்டிக்கார என்ஜின். வயலில் வருஷக்கணக்கில் உழைத்தது. ஆனால் 1.3 டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள சொகுசுக் காரை இழுக்க அதன் 83 குதிரைத்திறன் போதவில்லை. கியரும் நாலுதான். பார்க்க விமானம் மாதிரி இருந்த கார், ஓட்டினால் வேறு மாதிரி இருந்தது. விலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். வாங்க ஆள் குறைந்தது. 1988ல் உற்பத்தி நின்றது. காரோடு கம்பெனியின் கார் தொழிலும் முடிந்தது.

பழைய கார் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1988ல் கையில் ஸ்டாண்டர்ட் 2000 வைத்திருந்தவர் என்ன தப்பு செய்தார்? வண்டியை ஒழுங்காகப் பராமரித்திருக்கலாம், ஆயில் சரியாக மாற்றியிருக்கலாம். ஆனால் ஒரே இரவில் அவர் கையில் இருந்தது அநாதைக் கார். பெரிய கண்ணாடி உடைந்தாலோ, பல்லுச் சக்கரம் தேய்ந்தாலோ, லேத் பட்டறையில் செய்து போட வேண்டும், இல்லை இன்னொரு ஸ்டாண்டர்ட் 2000ஐ உடைத்து எடுக்க வேண்டும். அதைவிட வேடிக்கை என்ன தெரியுமா? கம்பெனியில் மிஞ்சிக் கிடந்த ரோவர் பாகங்களைப் பிற்பாடு இங்கிலாந்து உதிரிபாக வியாபாரிகள் வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே ரோவர் எஸ்டி1 வைத்திருக்கும் ஆர்வலர்களுக்கு அவை பயன்பட்டன. இங்கே கார் நின்றது, பாகம் கப்பலேறியது!

பிரீமியர் 118 என்இ பற்றி இரண்டு வரி. 1985ல் வந்த இது பியட் 124ன் உடம்பு, நிசானின் 1171 சிசி என்ஜின், 52 குதிரைத்திறன். மூன்றில் சின்னது, எடை குறைந்தது, அதனால் என்ஜினுக்கும் உடம்புக்கும் சண்டை குறைவு. படாடோபம் குறைவாக இருந்ததாலேயே பழசான பிறகும் தொந்தரவு குறைவாக இருந்த கார் என்று சொல்லலாம்.

மலைக்காரர்கள் கண்ட விடை

இந்தக் கார்கள் சமவெளியில் பெருமை பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஏலமலையில் எந்த வண்டி ஓடியது? ஜீப். மகிந்திரா 1947லேயே வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிவிட்டது. 1980களில் பெஷோ டீசல் என்ஜின் வைத்த ஜீப்புகள் வந்தன. இன்றைக்கும் விடிகாலையில் போடி, தேவாரம், கோம்பை பக்கத்தில் நின்று பார்த்தால் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறுவதைக் காணலாம்.

ஜீப்பில் சொகுசு கிடையாது. இடுப்பு ஒடியும், காது அடைக்கும். ஆள் அதிகம் ஏற்றுவதால் நடக்கும் விபத்துகளும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அது எல்லாச் சொகுசுக் கார்களையும் தோற்கடித்தது. வழியில் நின்றுபோனால் டிரைவரே பாதி வேலையைப் பார்த்துவிடுவார். மீதியைப் பக்கத்து ஊர்ப் பட்டறையில் பார்த்துவிடலாம். பாகம் போடியில் கிடைக்கும், இல்லாவிட்டால் தேனியில் கிடைக்கும். தோட்டத்துக்கு ஆள் போகாவிட்டால் அன்றைய காய் எடுப்பு நின்றுவிடும், கூலியும் போய்விடும். நம்பகம் என்ற வார்த்தைக்கு மலைக்காரர்கள் கொடுத்த அர்த்தம் இதுதான்: கெட்டுப்போகாத வண்டி என்று ஒன்று கிடையாது, கெட்டால் நாளைக் காலைக்குள் ஓடவேண்டும்.

1991க்குப் பிறகு வந்த அநாதைகள்

1991 பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின், 1993ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் தேவை நீக்கப்பட்டது. வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசை கட்டின. கொரியாவின் டேவூ 1995ல் சீலோவைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996ல் ஓப்பல் ஆஸ்ட்ராவை இறக்கியது. பிரீமியரும் பெஷோவும் சேர்ந்து 309 என்ற காரைச் செய்தன. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷியோடு சேர்ந்து நம் திருவள்ளூரில் 1998 முதல் லான்சர் செய்தது.

தொழில்நுட்பத்தில் இவை காண்டசாவைவிட எவ்வளவோ மேல். ஆனால் பழசானபோது? பெஷோ 1990களிலேயே மூட்டை கட்டியது. டேவூ கொரியாவிலேயே கவிழ்ந்தது. இங்கே 2000களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. ஓப்பல் பெயர் 2006 வாக்கில் மறைந்து செவர்லே வந்தது. அந்த செவர்லேயும் 2017 முடிவில் இந்திய விற்பனையை நிறுத்திக்கொண்டது. மறைமலை நகர் போர்டு தொழிற்சாலையில் 2022ல் கார் உற்பத்தி நின்றதை நாமே பார்த்தோம்.

ஸ்டாண்டர்ட் 2000 சொன்ன பாடம் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு பழைய காரின் நம்பகம் பாதிதான் காருக்குள் இருக்கிறது. மறுபாதி அந்தக் காருக்கு வெளியே, அதற்குப் பாகம் செய்கிற கம்பெனியிலும், அதை வைத்து விற்கிற கடையிலும், அதை மாட்டத் தெரிந்த மெக்கானிக்கிடமும் இருக்கிறது. காரைச் சோதித்துப் பார்க்கிற நாம் அந்த மறுபாதியைச் சோதிப்பதே இல்லை.

இன்றைய காண்டசா: பத்து வருஷப் பழைய ஜெர்மன் கார்

2007 மார்ச்சில் சிங்கப்பெருமாள்கோயில் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை திறந்தது. அங்கே முதலில் பூட்டப்பட்டவற்றில் ஒன்று 3 சீரிஸ். அதாவது ஜெர்மன் தொடக்கநிலை சொகுசுக் காரின் ஊர் இப்போது நம் செங்கல்பட்டுப் பக்கம். ஆனால் முக்கியப் பாகங்கள் வெளிநாட்டில் இருந்து வந்து இங்கே பூட்டப்பட்டவை. அதனால் இங்கே பிறந்த கார் என்றாலும் பாகத்தின் விலை ஜெர்மன் விலைதான்.

செகண்ட்ஹேண்ட் சந்தையின் கண்கட்டு வித்தை இங்கேதான் இருக்கிறது. கார் பழசாகப் பழசாக அதன் விலை இறங்கும். அதன் பாகங்களின் விலை இறங்காது. நாற்பது லட்ச ரூபாய் கார் எட்டு லட்சத்துக்கு வந்தாலும், அதன் கியர்பாக்ஸ் இன்னும் நாற்பது லட்ச ரூபாய் காரின் கியர்பாக்ஸ்தான். இனி, இந்த வகைக் கார்களில் அடிக்கடி வருகிற பிரச்சினைகளைப் பார்ப்போம்.

முதலாவது, டைமிங் செயின். 2007க்குப் பிறகு வந்த பிஎம்டபிள்யூ 320டி கார்களில் என்47 என்ற டீசல் என்ஜின். நல்ல இழுவை, நல்ல மைலேஜ். ஆனால் ஆரம்ப வருஷங்களில் வந்த என்ஜின்களில் டைமிங் செயின் முன்கூட்டியே தேய்ந்து அறுந்துபோகும் குறை உலகம் முழுக்கத் தெரிந்தது. செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும். போதாக்குறைக்கு அந்தச் செயின் இருப்பது என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கத்தில். மாற்ற வேண்டுமென்றால் என்ஜினையோ கியர்பாக்ஸையோ கழற்ற வேண்டும். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கத்தில் இருந்து உரசுகிற சத்தம் வந்தால் அந்தக் காரை விட்டுவிட்டு வந்துவிடுவது நல்லது.

இரண்டாவது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பல கம்பெனிகள் "கியர் ஆயில் ஆயுளுக்கும் மாற்றவேண்டாம்" என்று சொல்லி விற்றன. யாருடைய ஆயுள் என்று சொல்லவில்லை :-) பிஎம்டபிள்யூவுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. முதல் சொந்தக்காரர் மாற்றாமலே விற்றுவிடுவார். செலவு இரண்டாவது ஆளுக்கு. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கார்களில் வந்த ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி இன்னொரு வகை. அதன் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் வந்த கோளாறுகளுக்காக 2013ல் சீனாவில் மட்டும் 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

மூன்றாவது, குளிர்விக்கும் அமைப்பு. காண்டசா ரேடியேட்டர் பித்தளை; ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைக்கலாம். இன்றைய காரில் கூலண்ட் டாங்க், குழாய் முனைகள் எல்லாம் பிளாஸ்டிக். பத்து வருஷச் சூட்டில் பிளாஸ்டிக் பொரியாகிவிடும். சமவெளியில் தாக்குப்பிடித்த டாங்க், ஏற்றத்தில் அழுத்தம் கூடும்போது வெடிக்கும். அலுமினிய என்ஜின் ஒரு முறை கொதித்தால் ஹெட் வளைந்துவிடும்.

நான்காவது, அடிப்பகுதி. கீழ் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் நல்ல சாலைக்காகச் செய்யப்பட்டவை. தோட்டச் சாலையில் அவற்றின் ஆயுள் குறைவு. காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர் என்று சொல்லி பல பிஎம்டபிள்யூ கார்களில் ஸ்டெப்னியே தரவில்லை. பக்கவாட்டில் கல் கிழித்தால் அந்த டயரை நம்ம ஊர்ப் பஞ்சர் கடையில் ஒன்றும் செய்ய முடியாது.

பிரேக்குக்கு ஒரு சின்னக் கணக்கு

பள்ளிப் பௌதிகம்தான். காரும் ஆட்களும் சேர்ந்து 1500 கிலோ. போடிமெட்டில் இருந்து 1000 மீட்டர் கீழே இறங்கினால் விடுபடும் ஆற்றல் 1500 x 9.8 x 1000, அதாவது 1.47 கோடி ஜூல். இதை வைத்து சுமார் 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இறங்கும்போது இந்தச் சூடு முழுவதும் எங்காவது போயாக வேண்டும். காற்றும் என்ஜினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் நாலு பிரேக் தட்டுகளுக்கு.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு அந்த எல்லை 155 டிகிரி. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. பழைய கார் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் "பிரேக் ஆயில் எப்போ மாத்துனீங்க?" என்று கேட்கிறார்கள்? இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும், சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை. மலையில் பழக்கமுள்ள டிரைவர்கள் சொல்வதும் இதே பௌதிகம்தான்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு.

ஏலக்காய்க்கு மாதிரி உண்டு, காருக்கு இல்லை

அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகெர்லோஃப் 1970ல் செகண்ட்ஹேண்ட் கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரைதான் 2001ல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. அவர் சொன்னது இதுதான்: காரின் குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லாக் காருக்கும் சராசரி விலைதான் சொல்வார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்கமாட்டார். சந்தையில் மட்டமான கார் மிஞ்சும்.

நம்ம போடி ஏலக்காய் ஏலத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரி கொடுப்பார்கள். வியாபாரி காயின் பருமன் பார்ப்பார், நிறம் பார்ப்பார், பிளந்து விதை பார்ப்பார், அப்புறம்தான் விலை சொல்வார். ஒரு கிலோ ஏலக்காய்க்கு இத்தனை சோதனை செய்கிற ஊரில், எட்டு லட்ச ரூபாய் காரைப் பாலிஷ் பளபளப்பையும் மீட்டரில் உள்ள எண்ணையும் பார்த்து வாங்குகிறார்கள்!

நல்ல விலைக்கு வருகிற பழைய சொகுசுக் கார்களின் பின்னணியையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது, 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியது. தண்ணீரில் நின்ற கார்களை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலம் விட்டன. அவை துடைத்துத் தைத்து மறுபடி சந்தைக்கு வருவது ஊரறிந்த விஷயம். பழைய அம்பாசடர் வெள்ளத்தில் நின்றால் காயவைத்து ஓட்டலாம். இன்றைய காரில் சீட்டுக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழேயும் மின்னணுப் பெட்டிகள் இருக்கும்; அவை மாதக்கணக்கில் மெதுவாக அரித்துக்கொண்டே போகும்.

அடுத்தது டெல்லி. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்கு டெல்லி வட்டாரத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் தடை சொன்னது, 2018ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதனால் அங்கே ஓடிய டீசல் சொகுசுக் கார்கள் குறைந்த விலைக்கு மற்ற மாநிலங்களுக்குக் கிளம்பின. கார் நன்றாகவே இருக்கலாம். ஆனால் வெளிமாநில எண் உள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டம். என்ஓசி வாங்க வேண்டும், இங்கே சாலை வரி கட்ட வேண்டும், பிறகுதான் டிஎன் 60. மலைக்கு அந்தப் பக்கம் கேரள எண்ணில் வாங்கினாலும் இதே கதைதான். இந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தால் பல "சல்லிசு" கார்கள் சல்லிசாக இருக்காது.

அப்படியானால் வாங்கலாமா, வேண்டாமா?

வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இவை ஓட்டுவதற்கு அருமையான கார்கள். பாதுகாப்பிலும் பல சின்னக் கார்களைவிட மேல். காண்டசாவை இன்றைக்கும் பளபளவென்று வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சரித்திரம் சொல்வதை வரிசையாக எடுத்துக்கொண்டால் போதும்.

1. என்ஜின் வேறு எத்தனை மாடலில் இருக்கிறது என்று பாருங்கள். காண்டசாவைக் காப்பாற்றியது அம்பாசடர். பலர் வைத்திருக்கும் என்ஜினுக்குத்தான் பாகமும் மெக்கானிக்கும் கிடைக்கும்.

2. காரைப் பார்க்கும் முன் மெக்கானிக்கைப் பாருங்கள். போடியிலோ தேனியிலோ அந்தக் காரைத் தொட ஆள் உண்டா, இல்லை ஒவ்வொரு முறையும் மதுரைக்கு லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டுமா?

3. மீட்டரை நம்பாதீர்கள், சர்வீஸ் ரசீதை நம்புங்கள். பல கார்களில் ஓடிய தூரம் கியர்பாக்ஸ் நினைவகத்திலும் பதிந்திருக்கும். பிஎம்டபிள்யூவில் சாவியிலேயே இருக்கும். ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் மாட்டிப் பார்த்தால் திருப்பி வைத்த மீட்டர் மாட்டிக்கொள்ளும்.

4. மலையில் ஓட்டிப் பாருங்கள். பத்து வளைவு ஏறி, என்ஜின் சூட்டைப் பார்த்து, திரும்ப இறங்கி, பிரேக் பெடலை மிதித்துப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

5. காரின் விலையில் கால் பங்காவது தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று பாருங்கள். முதல் வருஷத்தில் அது தேவைப்படும்.

ஐந்தாவதை நம்ம ஊர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் வரை போனது. இரண்டு வருஷத்தில் சராசரி விலை 1000 ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. காய் விலை ஏறிய வருஷத்தில் சொகுசுக் கார் ஆசை வருவது இயற்கை. விலை இறங்கிய வருஷத்திலும் கடன் தவணை அதே தேதியில் வரும், டைமிங் செயினும் அதே விலைதான் இருக்கும். கார் நின்றால் பஸ்ஸில் போகலாம், பரவாயில்லை. காருக்காகத் தோட்டத்தை அடகு வைக்கிற நிலைமை மட்டும் யாருக்கும் வரவேண்டாம்.

அதனால் "பழைய பிஎம்டபிள்யூவா, புது சின்னக் காரா" என்று அடுத்த முறை யாராவது கேட்டால், நான் கேட்கப் போகும் எதிர்க்கேள்வி இதுதான்: அந்தக் காரின் வாட்டர் பம்ப் என்ன விலை, எந்தக் கடையில் கிடைக்கும், யார் மாட்டுவார்கள்? மூன்றுக்கும் டக்கென்று பதில் வந்தால் தாராளமாக வாங்கலாம்.